துண்டுக்கு அடியில் ஒரு கூலி

சில திங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். நாமக்கல் மலைக்கோட்டையின் நிழல் எங்கள் தெருவுக்குள் நீளத் தொடங்கியிருந்தது. திண்ணையில் என் பழைய மாணவர் ஒருவர் காத்திருந்தார். மதரஸாவில் என்னிடம் ஸர்ஃபும் நஹ்வும் ஓதியவர். பின்னர் கல்லூரிக்குச் சென்று வணிகவியல் பட்டம் பெற்றவர். இப்போது சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே, நிறுவனங்களுக்கு ஆள் தேர்ந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் ஆலோசகராக இருக்கிறார்.

ஸலாம் சொல்லி நலம் விசாரித்த பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அவருக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் ராசிபுரத்தில் கடை வைத்திருப்பவர், கணக்கில் கண்டிப்பானவர். "மாப்பிள்ளைக்கு மாத வருமானம் என்ன?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"எந்த மாதத்தைச் சொல்வது, ஹஜ்ரத்? ஒரு மாதம் 46,000 ரூபாய் வந்தது. அதை அடுத்த இரண்டு மாதமும் வெறும் 18,000. கூட்டிச் சொன்னால் பொய், குறைத்துச் சொன்னால் பெண் போய்விடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுக்கும் எனக்கு அந்தக் குழப்பம் ஒருநாளும் நேர்ந்ததில்லை. எல்லா மாதமும் ஒரே சம்பளம். எல்லா மாதமும் அது இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். "உன் தொழிலின் கணக்கை முதலில் எனக்குச் சொல், தம்பி. பிறகு பெண்ணின் தகப்பனாருக்குச் சொல்லலாம்" என்றேன்.

அவர் விளக்கினார். ஒரு நிறுவனத்துக்கு மேலாளர் தேவை என்றால் இவரிடம் சொல்கிறார்கள். இவர் ஐம்பது பேரைத் தேடி, இருபது பேரோடு பேசி, ஐந்து பேரை அனுப்பினால் ஒருவர் தேறுவார். தேறியவர் வேலையில் சேர்ந்த பிறகே நிறுவனம் கட்டணம் தரும். ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 என்பது நம் நாட்டில் இத்தொழிலில் வழக்கமாகப் பேசப்படும் விகிதம். இது என்ன விசித்திரமான எண் என்று விழித்தேன். பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது வேலைக்குச் சேர்ந்தவரின் ஒரு மாதச் சம்பளம். ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் சம்பளம் என்றால் கட்டணம் சுமார் 50,000. வேலை தேடி வந்தவரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை.

அந்த 50,000-மும் ஆலோசகரின் கைக்கு வருவதில்லை. அவர் அலுவலகத்தில் அடிப்படைச் சம்பளம் 18,000. அதைப்போல் மும்மடங்கை அவர் கட்டணமாக ஈட்டித் தந்த பிறகே ஊக்கத்தொகை தொடங்கும். அதற்கு மேல் வருவதில் நூற்றுக்கு 20 அவருடையது. தேறியவர் சேருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் வராமல் போவதும் உண்டு. சேர்ந்து மூன்று மாதத்துக்குள் விலகினால், கட்டணமின்றி வேறு ஆள் தர வேண்டும். இல்லையேல் வாங்கியதைத் திருப்ப வேண்டும். தலைமைப் பதவிகளுக்கு ஆள் தேடும் பெரிய நிறுவனங்கள் உலகெங்கும் முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை, மூன்று தவணையாக, தேடத் தொடங்கும்போதே முதல் தவணை உள்பட வாங்குகின்றன. அந்தப் படிக்கு ஏறியவர்கள் செல்வர்கள். நல்ல ஃபிட்டரைத் தேடிப் பிடிப்பது மேலாளரைப் பிடிப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். ஆனால் கூலி, தேடிய உழைப்பின்படி அல்ல, தேடப்பட்டவரின் சம்பளத்தின்படி அமைகிறது.

"தரகு வேலை என்று பெண் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், ஹஜ்ரத். இது ஹலாலான சம்பாத்தியமா?" என்றார்.

இதில் ஐயத்துக்கு இடமில்லை என்றேன். தரகரை அரபியில் 'ஸிம்ஸார்' என்பர். 'தல்லால்' என்றும் சொல்வர். பின்னது வழிகாட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் கூலி பற்றிய பகுதியில் தரகர் கூலிக்கென்றே ஒரு தலைப்பு அமைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாத வேலை இது. ஆயினும் மக்களின் தேவையையும் வழக்கத்தையும் கருதி ஹனஃபி சட்ட அறிஞர்களும் இதற்கு இடம் கொடுத்தார்கள். காரியம் முடிந்தால் கூலி என்பதற்கு, காணாமற்போன அரச பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என அறிவிக்கப்பட்டதாக யூஸுஃப் அத்தியாயம் கூறும் செய்தியைச் சான்று காட்டுவோர் உண்டு. நம் தமிழிலும் வள்ளுவர், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை ஆள் தேர்வுக்கென்றே ஒதுக்கினார். தக்கவனைத் தேடிக் கண்டுபிடிப்பது அறிவுள்ள உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு.

மாணவரின் முகம் தெளியவில்லை. "நான் கேட்க வந்தது அதுமட்டும் அல்ல" என்று மெல்லத் தொடங்கினார்.

அவர் அலுவலகம் ஒரு புதிய பிரிவைத் திறக்கிறதாம். கோழிப்பண்ணைகள், நூற்பாலைகள், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் ஆகியவற்றுக்கு மொத்தமாக ஆள் தரும் பிரிவு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்கள் அலுவலகத்தின் பெயரேட்டில் இருப்பார்கள். வேலை செய்வது பண்ணையில். பண்ணை முதலாளி ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அலுவலகத்துக்குக் கொடுப்பார். அலுவலகம் அதில் ஒரு பகுதியை ஆளுக்குக் கூலியாகக் கொடுக்கும். மீதி அலுவலகத்துக்கு. மாணவருக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 150 ரூபாய்.

"முந்நூறு பேரை நிறுத்தினால் மாதம் 45,000, ஹஜ்ரத். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் வரும். ராசிபுரத்தாருக்குத் தயங்காமல் சொல்லலாம்."

நான் உடனே விடை சொல்லவில்லை. மஃரிபுக்கு நேரமாகிறது, இன்னொரு நாள் பேசலாம் என்றேன். உண்மையில் நான் தயங்கியதற்கு வேறு காரணம் இருந்தது. அது என் அலமாரியில் இருந்தது.

அதைச் சொல்லுமுன் நேயர்களைப் புதன்சந்தைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் வழியில் உள்ள அவ்வூரின் மாட்டுச் சந்தை பெயர் பெற்றது. அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விற்பவர் தருவதும் வாங்குபவர் தருவதும் தரகருக்கு. அருகே நிற்கும் மாடு தன் விலையை அறியாது. மாட்டுக்கு அது தெரியவேண்டியதும் இல்லை.

மனிதரைக் கொண்டு நடந்த வாணிபத்திலும் ஒரு துண்டு இருந்தது. அன்றைய சேலம், திருச்சி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆயிரமாயிரம் பேர் போனார்கள். அவர்களைத் திரட்டியவர் கங்காணி. கண்காணி என்ற தமிழ்ச் சொல்தான் அப்படித் திரிந்தது. பெரும்பாலும் அவர் அதே ஊரைச் சேர்ந்தவர், உறவினராகவும் இருப்பார். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பார். அது கடனாக ஏறும். இலங்கைத் தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் சில சதம் கங்காணிக்குக் கிடைத்தது. தலைக்காசு என்பது அதற்குப் பெயர். ஆட்களின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். வெள்ளைத் துரைமார்களின் ஆவணங்களிலும் அது அதே தமிழ்ச் சொல்லாகவே நின்றது. தன் தலைமேல் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதைப் பல வேளைகளில் அந்தத் தொழிலாளி அறியமாட்டார். 1921-ல் இலங்கையில் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. 1938-ல் மலாயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் கூலியாட்கள் போவதை அன்றைய இந்திய அரசு தடுத்தது. அன்று ஆட்களை அனுப்பிய இச்சமவெளி இன்று ஆட்களை வரவழைக்கிறது. சேலம் சந்திப்பில் விடியற்காலையில் வந்து நிற்கும் வடபுலத்து ரயிலிலிருந்து மூட்டையோடு இறங்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம், மண்டபம் முகாமில் மூட்டையோடு காத்திருந்த நம் பாட்டன்மார் என் நினைவில் எழுவார்கள்.

இனி என் அலமாரிக்கு வருகிறேன்.

1998-ஆம் ஆண்டு. நான் ஆசிரியனாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் தாள்களை வாசித்துச் சொல்ல அரபி தெரிந்தவன் என்று என்னைத் தேடி வருவார்கள். ஒரு நாள் வெளியூர் முகவர் ஒருவர், எங்கள் ஊர் இளைஞர்கள் இருவரின் குடும்பத்தாரோடு வந்தார். இளைஞர்கள் சவூதி அரேபியாவுக்குப் போகிறார்கள். கடையில் வேலை, மாதம் 900 ரியால் என்று முகவர் சொல்லியிருந்தார். அவர்களில் ஒருவரின் தாயார் புதன்சந்தையில் இரண்டு கறவை எருமைகளை விற்றுப் பணம் கட்டியிருந்தார். ஒப்பந்தத் தாளை என் கையில் கொடுத்து, "எல்லாம் சரியாக இருக்கிறதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள்.

வேலை என்ற இடத்தில் 'ஆமில்' என்றிருந்தது. கூலியாள் என்று பொருள். கூலி 500 ரியால் என்றிருந்தது. நான் முகவரைப் பார்த்தேன். "தாளில் அப்படித்தான் போடுவார்கள், சாப்பாடும் கூடுதல் நேரமும் சேர்ந்தால் சரியாகிவிடும்" என்றார் அவர், வெகு இயல்பாக. பணம் கட்டியாகிவிட்டது, எருமை போய்விட்டது, இப்போது சொல்லி என்ன பயன் என்று என் மனம் எனக்கு வழக்காடியது. பெயரை வாசித்தேன், ஊரை வாசித்தேன், இரண்டு ஆண்டு என்ற காலத்தை வாசித்தேன். அந்தத் தொகையை உரக்க வாசிக்கவில்லை. "எல்லாம் சரிதான்" என்றேன்.

மறுவாரம் ஓர் உறையில் 2,000 ரூபாய் வந்தது. தலைக்கு ஆயிரம். அப்போது அது என் சம்பளத்தைவிட அதிகம். நெடுநாள் ஆசைப்பட்டிருந்த 'அல்-முன்ஜித்' அகராதியை அதில் வாங்கினேன். இளைஞர்களில் ஒருவர் எப்படியோ தாக்குப்பிடித்து முன்னேறினார். எருமை விற்ற தாயின் மகன் இரண்டு ஆண்டு கழித்துக் கடனோடு திரும்பி வந்தார். ஒரு சகோதரனுக்காகப் பரிந்துரை செய்து அதற்காக அன்பளிப்பு பெறுபவன் வட்டியின் பெருவாயிலுக்குள் நுழைந்துவிட்டான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. அதை ஒவ்வோர் ஆண்டும் நான் மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வந்திருக்கிறேன். சொல்லின் பொருளில் ஐயம் வந்தால் அதே அகராதியைத்தான் புரட்டியும் இருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாணவர் மீண்டும் வந்தார். இவை அனைத்தையும் அவரிடம் முதலில் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் எண்ணத்தைச் சொன்னேன்.

"ஆள் தேடிக் கொடுப்பவனின் கூலி மூன்று வழிகளில் வரலாம். முதலாவது, நீ இப்போது செய்வது: முதலாளி தருகிறார், ஆள் சேர்ந்த பிறகு தருகிறார். சேர்ந்தவரின் சம்பளம் உயர்ந்தால் உன் பங்கும் உயர்கிறது. உன் லாபமும் அவர் லாபமும் ஒரே திசையில் போகின்றன. இரண்டாவது, புறப்படுமுன் ஆளிடமே வாங்குவது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் முகவர்கள் பதிவு பெறவேண்டும். 30,000 ரூபாய்க்கும் அதன்மீதான வரிக்கும் மேல் கட்டணம் வாங்கலாகாது என்று அரசு எல்லை கட்டியிருக்கிறது. தமிழக அரசு 1978-லேயே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 1997-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 181-ஆம் உடன்படிக்கை, தொழிலாளியிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பதைப் பொதுவிதியாக்கியது. மூன்றாவது, உனக்கு இப்போது வந்திருப்பது. இதில் ஆளின் கூலி ஒரு ரூபாய் குறைந்தால் உன் அலுவலகத்தின் லாபம் ஒரு ரூபாய் கூடும். நீ அவருக்கு நல்லது செய்ய விரும்பும் ஒவ்வொரு நாளும் உன் கணக்கு உனக்கு எதிராக நிற்கும்."

"அப்படியானால் ஹராமா, ஹஜ்ரத்?"

"நான் ஃபத்வா கொடுக்கவில்லை, தம்பி. வாடகைக்கு எடுத்த வீட்டில் எதையும் திருத்தாமல் கூடுதல் வாடகைக்கு விட்டால், அந்த மிகுதியைத் தருமம் செய்துவிட வேண்டும் என்று நம் ஹனஃபி நூல்களில் நீயும் ஓதியிருக்கிறாய். ஏதேனும் திருத்திச் சேர்த்திருந்தால் மிகுதி அவனுடையது. அந்த அளவுகோலை இதில் வைத்துப் பார். அந்த ஆளுக்குத் தங்க நல்ல இடம் பார்த்தாயா? காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போக உன் ஆள் இருக்கிறானா? வருங்கால வைப்புநிதியை ஒழுங்காகக் கட்டினாயா? ஊருக்குப் போய்வர வழி செய்தாயா? அப்படியானால் உன் 150-ஐ ஒவ்வொரு மாதமும் உழைத்தே வாங்குகிறாய். பெயரேட்டில் பெயர் இருப்பதற்காக மட்டும் வாங்கினால் அது தலைக்காசு. இன்னொன்றையும் கேள்: முதலாளி தன் பெயரால் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக்கூடாது என்பார்கள்."

"1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், முதன்மை முதலாளியின் பிரதிநிதி கண்ணெதிரே கூலி கொடுக்கப்பட வேண்டும் என்று எழுதியது ஏன்? சட்டம் செய்தவர்களும் துண்டுக்கு அடியில் நடப்பதைக் கண்டவர்கள்தாம். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு தந்தையிடம் சொன்ன மத்யன் நகரத்துப் பெண்ணை நினைத்துப் பார். வலிமை, நம்பகம் என்ற இரண்டு தகுதிகளைச் சொன்னார். அந்தப் பெரியவரும் எத்தனை ஆண்டு, என்ன கைம்மாறு என்பதை மூஸா அவர்களின் முகத்துக்கு நேரே சொல்லித்தான் பேசி முடித்தார். அங்கே துண்டு இல்லை."

மாணவர் தம் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். முதலாளி தரும் தொகையை ஆளின் கூலிச்சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. சிரித்தார்களாம். அவர் பழைய பிரிவிலேயே இருந்துவிட்டார். ராசிபுரத்தாரிடம் எதைச் சொல்வது என்று கேட்டார். "நல்ல மாதத்தையும் சொல்லாதே, கெட்ட மாதத்தையும் சொல்லாதே. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி எழுதிக்கொண்டு போ" என்றேன். ஆண்டுக்கு 3,36,000, மாதத்துக்குப் பரவினால் 28,000, மிகக் குறைந்த மாதம் 18,000. அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை வாசித்த கடைக்காரர், "என் கடையின் கணக்கும் இப்படித்தான் ஏறி இறங்கும்" என்றாராம். நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது.

எனக்கு ஒரு வேலை மிஞ்சியிருந்தது. எருமை விற்ற தாயின் மகன் இப்போது மோகனூர்ச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டும் அவ்வழியே போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நடந்தவன் நான். ஒரு நாள் காலை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய் அமர்ந்தேன். தாளில் இருந்ததையும், நான் வாசிக்காமல் விட்டதையும், உறையில் வந்ததையும் சொன்னேன். அவருக்குரிய ஆயிரத்தை மேசைமேல் வைத்தேன். இழந்ததற்கு அது ஈடாகாது என்பதையும் சொன்னேன்.

அவர் பாய்லரின் குழாயை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "அன்றைக்கு நீங்கள் வாசித்தபோது எங்கள் அம்மா தாளைப் பார்க்கவில்லை, ஹஜ்ரத். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹஜ்ரத் எதையோ விழுங்கிவிட்டார், போகாதே என்று அன்றிரவே சொன்னார்கள். நான்தான் போயே தீருவேன் என்றேன்" என்றார்.

அந்த அம்மையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் ஒன்றும் பேச முடியாமல் இருந்தேன். அவர் ஆயிரத்தை எடுத்து, மடித்து, கல்லாவில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, தம் மகன் ஐ.டி.ஐ. முடித்திருப்பதாகவும், என் மாணவர் ஒருவர் சேலத்தில் வேலை வாங்கித் தருகிறாராமே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.

"சொல்கிறேன். அவர் உங்களிடம் காசு வாங்கமாட்டார்" என்றேன்.

"காசு கிடக்கட்டும். தாள் வந்தால் முழுவதையும் வாசித்துச் சொல்லுங்கள்."

மற்றவருக்குரிய ஆயிரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் சென்னையில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த விடுமுறையில் தேடிப் போக எண்ணியிருக்கிறேன். உழைப்பவனின் கூலியையும் அவனுக்கு வழிகாட்டியவனின் கூலியையும் வெளிச்சத்தில் எண்ணிக் கொடுக்கும் துணிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.